‘வளர்ச்சி இல்லை’ என்று எழுதியது நான்தான், அக்கா

என் லூர்து அக்காவுக்கு,

சண்டை போடத்தான் எழுதுகிறேன். குறுக்கே பேசாமல் கேள்.

நீ போய் ஏழு மாதம் ஆகிவிட்டது. முப்பதாம் நாள் பூசைக்கு வந்தவர்கள் எல்லாரும் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். “அழாத ஜெசி. படுக்கையில கெடந்து சீரழியாம நிம்மதியா போய்ச் சேந்துட்டா.” சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து சொன்னார்கள். எனக்கு அங்கேயே பற்றிக்கொண்டு வந்தது. நிம்மதியாகவா போனாய்? பக்கத்தில் இருந்தவள் நான். பல் கிட்டி, குளிரில் கட்டிலே கடகடவென்று ஆட ஆடப் போனாய். இதற்குப் பேர் நிம்மதியா?

நமக்குள் பேச வேண்டியதை ஏன்டி ஊர் பார்க்க எழுதுகிறாய் என்று கேட்பாய். ஊர் பார்க்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். அதனால் உனக்குத் தெரிந்த சங்கதியையே சில இடத்தில் திரும்பச் சொல்வேன். உன்னைத் தெரியாதவர்களும் படிக்கிறார்கள், பொறுத்துக்கொள்.

நீ சித்தாள். பதினாறு வயதில் கலவைச் சட்டியைத் தலையில் வைத்தவள். விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபம் கட்டும்போது இரண்டாம் மாடிச் சாரம் சரிந்து கீழே விழுந்தாய். இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அதன்பிறகு ஆறு வருஷம் திண்டிவனத்தில் என்னோடுதான் இருந்தாய். சிறுநீர் தானாகப் பிரியாது. குழாய் போட்டு, கட்டில் ஓரம் தொங்குகிற பையில் இறங்கும்.

படுத்துக்கிடந்தாயே தவிர வாய் படுக்கவில்லை. எதிர் வீட்டில் சுவர் எழுப்பும்போது ஜன்னல் வழியாக நீ போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. “யோவ் மேஸ்திரி, குண்டு வுட்டுப் பாத்தியா, இல்ல கண்ணாலயே பாத்துக் கட்டிகினு போறியா? இடது பக்கம் சாயுதுய்யா!” அவன் முறைத்துவிட்டுத் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தான். சாய்ந்துதான் இருந்தது. மறுநாளிலிருந்து அந்த ஆள் டீ வாங்கும்போதெல்லாம் உனக்கும் ஒன்று கொடுத்தனுப்பினான்.

அப்படிப்பட்ட உன் கண்ணும் மூக்கும் சொன்னதை நான் கேட்கவில்லை. அதுதான் இந்தக் கடிதம்.

நான் திண்டிவனத்தில் ஒரு தனியார் லேபில் டெக்னீசியன். பதினோரு வருஷமாக ஊராருடைய ரத்தமும் மூத்திரமும்தான் எனக்குச் சோறு போடுகிறது. சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க, ரத்தம் கலந்து உறையவைத்த தட்டில் ஒரு சொட்டை மெல்லிய கம்பியால் இழுத்து, உடம்புச் சூட்டில் இருக்கிற ஒரு பெட்டிக்குள் வைப்போம். கிருமி இருந்தால் மறுநாள் புள்ளி புள்ளியாக வளர்ந்திருக்கும். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது சாகும் என்று அதை வைத்துத்தான் சொல்வோம். கல்ச்சர் என்று பேர்.

எங்கள் லேபில் காலை பத்து மணிக்குப் பெட்டியைத் திறப்போம். பத்தரைக்கு டாக்டர்கள் உட்கார்ந்துவிடுவார்கள், அதற்குள் ரிப்போர்ட் போய்ச் சேர வேண்டும். தட்டில் ஒன்றும் தெரியவில்லையா, ‘வளர்ச்சி இல்லை’ என்று அடித்துவிட்டுத் தட்டை அழிக்கிற வாளியில் போட்டுவிடுவோம். பெட்டி சின்னது. அன்றைக்கு வருகிற தட்டுகளுக்கு இடம் வேண்டும். எந்தத் தட்டையும் நாங்கள் இரண்டாவது நாள் வைத்துப் பார்த்ததில்லை.

ஊழியர் வீட்டுச் சாம்பிளுக்கு அங்கே தனி மரியாதை. அதற்கு எண் கிடையாது, கம்ப்யூட்டரில் ஏறாது. மூடியில் ‘ஸ்டாஃப்’ என்று எழுதி, மற்ற வேலையெல்லாம் முடிந்தபிறகு கடைசியாகப் போட்டு, பெட்டியின் அடித்தட்டில் பின்னால் தள்ளிவிடுவோம். போட்டவர்களேதான் அதைப் பார்க்க வேண்டும், அவர்களேதான் எறிய வேண்டும். வேறு யாரும் தொட மாட்டார்கள். முதலாளி நமக்குச் செய்கிற சலுகை என்றுதான் நானும் பெருமையாக நினைத்திருந்தேன்.

கணக்குப் போட்டுப் பார் அக்கா. வெளியாள் சாம்பிள் காலையில் தட்டில் ஏறும், மறுநாள் காலை வரை இருக்கும். உன்னுடையதை நான் மாலை நாலு மணிக்குப் போடுவேன். மறுநாள் பத்து மணிக்கு எல்லாவற்றோடும் சேர்த்து எடுத்துவிடுவேன். முன்பின் தெரியாதவனுக்கு முழுசாக ஒரு நாள். என் கூடப் பிறந்தவளுக்கு அதுவும் இல்லை. இதை நான் உனக்குச் செய்த உபகாரம் என்று நீயும் நினைத்தாய், நானும் நினைத்தேன்.

போன ஐப்பசி மழையில் உனக்குக் காய்ச்சல் ஆரம்பித்தது. வரும், இரண்டு நாள் நிற்கும், மறுபடி வரும். டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்தார், பிறகு வேறு மாத்திரை, பிறகு அதைவிடப் பெரிய மாத்திரை. கல்ச்சர் பண்ணிக்கொண்டு வரச் சொன்னார். பண்ணினேன். ஒன்றும் இல்லை. உன் சாம்பிள் கம்ப்யூட்டரில் ஏறாதே, அதனால் லேப் தாளில் என் கையாலேயே ‘வளர்ச்சி இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். “அப்ப கிருமி இல்ல, கொசு ஜுரமா இருக்கும்” என்றார் டாக்டர். மார்கழியில் இன்னொரு முறை. மாசியில் இன்னொரு முறை. மூன்று தாள், மூன்று கையெழுத்து.

அதே தாளின் மேல் பாதியில் நானே என்ன எழுதியிருந்தேன் தெரியுமா? சீழ் அணுக்கள் ஏராளம். மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தால் சீழ் தவிர வேறு எதுவும் தெரியவில்லை, அத்தனை. கூடவே பளபளவென்று உப்புப் படிகங்கள். நாங்கள் படிக்கிற காலத்தில் அந்தப் படிகத்தின் வடிவத்தைச் சவப்பெட்டி மூடி என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். அதையும் எண்ணி எழுதினேன். மேலே சீழ் என்று எழுதிவிட்டுக் கீழே கிருமி இல்லை என்று எழுதுகிறோமே, அப்படியென்றால் இந்தச் சீழ் எங்கிருந்து வந்தது என்று ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? கவுண்டரில் கூட்டம் நின்றது. அடுத்த பேரைக் கூப்பிட்டேன்.

நீதான் சொன்னாய். ஒரு சாயங்காலம் நான் வேலை முடிந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்டாய். “இன்னாடி ஜெசி, தலைக்கு டை அடிச்சிகினு வந்தியா?”

“எனக்கு எதுக்கு டை? ஏன்?”

“டை டப்பாவைத் தொறந்தா மூக்குல ஏறுமே, அந்த வாசனை. நாலு நாளா அடிக்குது. நீ இல்லன்னா இந்தப் பையிலேர்ந்துதான் வருது.”

“மூத்திரம்னா நாறத்தான் செய்யும்” என்றேன்.

“ஏய், ஆறு வருஷமா இந்தப் பையோட குடும்பம் நடத்தறேன். எனக்குத் தெரியாதா அது எப்படி நாறும்னு? இது வேற. அப்புறம் இதப் பாரு, குழாயில மணல் எறங்குது. பூச்சுக்கு நைசா சலிச்ச மணலாட்டம்.”

பையைத் தூக்கிக் காட்டினாய். நான் பார்த்தேன். அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தது. “தண்ணியே குடிக்கிறதில்ல, அப்புறம் மணல் வராம என்னா வரும்?” என்று அதட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன். எனக்குப் பசி.

இனி சொல்லப்போவதை எழுத எனக்குக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன், நான் திட்டு வாங்க வேண்டியவள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு. என்னோடு வேலை செய்கிறவர்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. காலையிலேயே ஊதுபத்தி கொளுத்தினேன், ஜன்னலைத் திறந்தேன், வாசனை போகவில்லை. உன் கட்டிலுக்கு முன்னால் வந்து நின்று, “பையை ஒழுங்கா கழுவுறியா இல்லியா? வீடே நாறுது. நாலு பேரு வந்து போற எடம், எனக்கு மானம் போவுது” என்று கத்தினேன். உனக்குப் பதில் தெரியாதா என்ன? தெருவையே அதட்டுகிறவள் நீ. அன்றைக்கு என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. பக்கத்து வீட்டுப் புஷ்பாவைக் கூப்பிட்டு, கட்டிலைத் தள்ளிக்கொண்டுபோய்ப் பின்பக்கம் ஷீட் போட்ட தாழ்வாரத்தில் போடச் சொன்னாய்.

“இங்க நல்லா காத்து வருதுடி” என்றாய்.

அதன்பிறகு நீ உள்ளே வரவே இல்லை. நான்காவது மாதம் உன்னைத் தூக்கிக்கொண்டு போகிற வரைக்கும் அந்தத் தாழ்வாரம்தான். துணி காய்கிற இடம். நான் ஒரு நாளாவது உள்ளே வா அக்கா என்று கூப்பிட்டேனா? இல்லை. வசதியாக இருந்தது, விட்டுவிட்டேன். தினமும் இரண்டு வேளை நீ சோப்புப் போட்டுத் துடைத்துக்கொண்டதைப் புஷ்பா பிறகு சொன்னாள். உணர்வில்லாத காலையும் இடுப்பையும் கையாலேயே இழுத்துத் திருப்பித் திருப்பித் துடைத்தாயாம், தோல் உரிகிற அளவுக்கு. தங்கச்சிக்கு மானம் போகக் கூடாதே என்று.

உன்மேலும் எனக்குக் கோபம்தான். ஏன் பதிலுக்குக் கத்தவில்லை? “போடி, ஒரு லேப்ல வேல செய்யற, என் மூத்திரத்துல இன்னா இருக்குன்னு கண்டுபுடிக்கத் துப்பில்ல, என்னையே நாறுதுங்கறியா” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. கேட்டிருந்தால் ரோஷத்துக்காவது நான் தேடியிருப்பேன். மேஸ்திரியிடம் காட்டின வாய் என்னிடம் எங்கே போனது?

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை கடைசிச் சாம்பிளைப் போட்டேன். வழக்கம்போல நாலு மணிக்கு, அடித்தட்டில், பின்னால். சனிக்கிழமை காலையில் நீ கண்ணைத் திறக்கவில்லை. லேபுக்கு லீவு சொல்லிவிட்டு உன்னை விழுப்புரத்துக்குக் கொண்டுபோனோம். பார்த்த டாக்டரம்மா நல்லவர். “ரெண்டு கிட்னியிலயும் சீழ் கட்டியிருக்கும்மா, கல்லும் ஏறியிருக்கு. இவ்ளோ நாளு இன்னா பண்ணிகினு இருந்தீங்க?” என்று கேட்டார். நான் லேபில் வேலை செய்கிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை. ஞாயிறு சாயங்காலம் நாலேகால் மணிக்கு நீ போய்விட்டாய். இதயம் நின்றதால் மரணம் என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்கள். இதயம் நிற்காமல் யாராவது செத்திருக்கிறார்களா?

வல்லம் பக்கம் நம் ஊர்க் கல்லறையில் அம்மாவுக்குப் பக்கத்தில் உன்னை வைத்துவிட்டு, புதன்கிழமை வேலைக்குப் போனேன். வீட்டில் இருக்க முடியவில்லை. பத்து மணிக்குப் பெட்டியைத் திறந்தால் அடித்தட்டில் உன் தட்டு அப்படியே இருந்தது. ‘ஸ்டாஃப்’ என்று என் கையெழுத்து. யாரும் தொடவில்லை, வழக்கப்படி நான்தானே எறிய வேண்டும். நீயே இல்லை, இது எதற்கு என்று எடுத்தேன்.

தட்டு முழுக்க ரவை தூவினதுபோல இருந்தது. சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள், குண்டூசித் தலையைவிடச் சின்னது, இடமே இல்லாமல். ஐந்து நாள் கழித்து.

உட்கார்ந்துவிட்டேன். பிறகு எழுந்து ஒவ்வொன்றாகச் செய்தேன், கை தானாகச் செய்தது. ஒரு புள்ளியை எடுத்துக் கண்ணாடியில் தேய்த்துச் சாயம் போட்டுப் பார்த்தால், ஊதா நிறத்தில் குட்டிக் குச்சிகள், ஒன்றோடொன்று சாய்ந்தபடி. இன்னொரு புள்ளியை யூரியா கலந்த சோதனைக் குழாயில் விட்டேன். அந்தக் குழாய் மஞ்சளாக இருக்கும். கிருமிக்கு யூரியாவை உடைக்கிற சக்தி இருந்தால் ரோஸ் நிறமாக மாறும். சாதாரணமாக அதற்கு நேரமாகும், மறுநாள் வரைகூடக் காத்திருப்போம். இது என் கண்ணெதிரே மாறியது. நான் ஸ்டூலை விட்டு நகரவே இல்லை.

யூரியா உடைந்தால் அமோனியா வரும் அக்கா. டை டப்பாவைத் திறந்தால் மூக்கில் ஏறுகிறதே, அதே அமோனியா. அது வந்தால் சிறுநீரில் கரைந்திருக்கிற உப்பெல்லாம் கல்லாகப் படியும். குழாயில் மணல் இறங்கும். நீ இரண்டையும் சொல்லிவிட்டாய். படுத்த இடத்திலிருந்து, மைக்ராஸ்கோப் இல்லாமல், மூக்கையும் கண்ணையும் வைத்துக்கொண்டு நீ சொன்னாய். படித்தவள் எனக்குப் புரியவில்லை.

முதலாளியிடம் சாயம் போட்ட அந்தக் கண்ணாடிச் சில்லைக் காட்டினேன். மனுஷன் நான் துக்கத்தில் இருக்கிறேன் என்று மெதுவாகத்தான் பேசினார். “இது தோல்ல இருக்கறதும்மா. குழாய் ஓரத்துல ஒட்டிகினு வந்திருக்கும். நாங்க படிக்கறப்போ இதெல்லாம் குப்பைன்னு தூக்கிப் போடுவோம். நீ போய் டீ சாப்டு.” அவர் சொன்னதில் பாதி நிஜம். இந்தச் சாதிக் கிருமிகள் எல்லார் தோலிலும் இருக்கின்றன, பெரும்பாலும் யாரையும் ஒன்றும் செய்வதில்லை. அந்தக் கூட்டத்தில் ஒன்று மட்டும், வருஷக்கணக்காகக் குழாயோடு இருக்கிறவர்களிடம், மாத்திரை மாற்றி மாற்றித் தின்று மற்ற கிருமியெல்லாம் செத்துப்போன இடத்தில், வசதியாகக் குடியேறிவிடும். மெதுவாக வளரும். நாம் உனக்குக் கொடுத்த மாத்திரை எதுவும் அதற்கு உறைக்காது.

புதுச்சேரியில் ஒரு மருத்துவக் கல்லூரி லேபில் என்னோடு படித்த கலா இருக்கிறாள், நம் வீட்டுக்குக்கூட வந்திருக்கிறாளே. அங்கே கிருமியின் பேரைச் சொல்லுகிற மெஷின் இருக்கிறது. தட்டைத் துணியில் சுற்றி டப்பாவில் வைத்து நானே பஸ்ஸில் கொண்டுபோனேன், யாருடையது என்று சொல்லாமல் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் போன் பண்ணினாள்.

“ஜெசி, கோரினிபாக்டீரியம் யூரியலிட்டிகம்! எங்கடி புடிச்ச? எங்களுக்கே எப்பவாவதுதான் வரும், ரொம்ப அபூர்வம். எல்லாரையும் கூப்ட்டுக் காட்டினேன். பேஷண்ட் எப்படி இருக்காங்க?”

“பொதைச்சு ஒரு வாரம் ஆவுது” என்றேன். “எங்க அக்கா.”

அபூர்வமாம். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு எரிகிறது. ஒரே நாளில் வாளியில் போட்டுவிட்டால் எது அபூர்வம், எது சாதாரணம் என்று எவனுக்குத் தெரியும்? பதினோரு வருஷத்தில் நான் எத்தனை தட்டை எறிந்திருப்பேன்? அதில் எத்தனை பேர் வீட்டில் தாழ்வாரத்தில் கட்டில் கிடந்தது?

முதலாளியிடம் போய், குழாய் போட்டவர்கள் தட்டை மட்டுமாவது இரண்டு நாள் வைப்போம் என்று கேட்டேன். முடியாது என்றார். “ஒரு நாள் லேட்டாச்சுன்னா டாக்டருங்க வேற லேபுக்கு அனுப்பிடுவாங்க. பேஜாரு புடிச்ச வேல இது. ஒரு கேஸுக்காகப் பொட்டியை அடச்சிகினு இருக்க முடியாது.” ஆறு மாதம் நானும் பேசாமல்தான் இருந்தேன். பேசாமல் இருந்தேன் என்றா சொன்னேன்? பாத்திரத்தை எறிந்தேன், புஷ்பாவிடம் எரிந்து விழுந்தேன், பூசைக்குப் போவதை நிறுத்தினேன். வேலையை விடத்தான் தைரியம் இல்லை.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை பெருமுக்கலிலிருந்து தேவகி என்று ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். அவள் புருஷன் முருகன் நெல் அறுக்கிற மெஷின் கவிழ்ந்து முதுகு உடைந்தவன். இரண்டு வருஷமாகக் குழாய். கவுண்டரில் நின்று கெஞ்சினாள்.

“மூணு வாட்டி இங்கதாம்மா குடுத்தேன். ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னே வருது. ஜுரம் மட்டும் வுடமாட்டேங்குது. ஜல்தியா பாத்துச் சொல்லுங்கம்மா, நேத்துலேர்ந்து பெனாத்த ஆரம்பிச்சிட்டாரு.”

சாம்பிள் டப்பாவின் மூடியைத் திறந்தேன். மூக்கில் ஏறியது. “வாசனை ரொம்ப நாளா இப்பிடித்தான் இருக்கா?” என்று கேட்டேன்.

தலையைக் குனிந்துகொண்டாள். சுற்றிலும் ஆட்கள். “தெனம் ரெண்டு வேள தொடைச்சிதாம்மா வுடறேன்” என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. “சுத்தமாத்தான் வெச்சிகினு இருக்கேன். எங்க மாமியாரு கூட என்னைத்தான் திட்டறாங்க.”

நான் கவுண்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். “உங்க மேல தப்பே இல்ல. நாத்தம் அந்தக் கிருமியோடது. உங்க மாமியார்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க” என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் அழுதாள். உன்னிடம் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது.

இரண்டு தட்டுப் போட்டேன். ஒன்றில் அவன் எண்ணை எழுதி எல்லாவற்றோடும் வைத்தேன். இன்னொன்றில் ‘ஸ்டாஃப்’ என்று எழுதி அடித்தட்டில் பின்னால் தள்ளினேன். அதை யாரும் தொட மாட்டார்கள் என்று எனக்குத் தெரியுமே. செவ்வாய்க்கிழமை எண் போட்ட தட்டில் ஒன்றும் இல்லை, ‘வளர்ச்சி இல்லை’ என்று ரிப்போர்ட் போனது. வாளிக்குப் போயிற்று தட்டு. புதன்கிழமை என் தட்டில் ரவை. யூரியா குழாய் ரோஸ்.

முருகனைப் பார்க்கிற டாக்டருக்குப் போன் பண்ணினேன். “யாரும்மா நீ? நேத்து உங்க லேபே ஒண்ணுமில்லன்னு குடுத்திருக்கு. எழுத்துல குடு, பாக்கறேன்” என்று வைத்துவிட்டார். எழுத்தில் கொடுக்க முதலாளி கையெழுத்து வேண்டும். அவர் அறைக்குத் தட்டையும் குழாயையும் எடுத்துக்கொண்டு போனேன்.

“நேத்து ஒண்ணு குடுத்துட்டு இன்னிக்கு மாத்திக் குடுத்தா நம்ம லேப் பேரு இன்னா ஆவறது?” என்றார்.

“சார், அந்த ஆளு பெனாத்திகினு கெடக்கறாரு. எங்க அக்காவும் இப்பிடித்தான் கெடந்தா. மூணு வாட்டி இல்லன்னு எழுதி நானே கொன்னேன். இன்னொரு ஆளையும் அப்பிடிக் கொல்ல மாட்டேன். நீங்க போடலன்னா இந்தத் தட்டை எடுத்துகினு இப்பவே அந்த டாக்டர் டேபிள்ல வெக்கறேன். அப்பத் தெரியும் லேப் பேரு.”

லேபே நின்று பார்த்தது. பதினோரு வருஷத்தில் அவர் முன்னால் நான் குரல் உயர்த்தியதில்லை. அவர் முகம் சிவந்துவிட்டது. அந்த ரோஸ் குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்துத் திருத்திய ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டு என் பக்கம் எறிந்தார். தாளை நானே நடந்துபோய் டாக்டரிடம் கொடுத்தேன். அவர் இரண்டு தரம் படித்தார், முருகனை அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து, குழாயை மாற்றி, படிந்த கல்லை எடுத்து, வேறு ஊசி போடவைத்தார்.

போன வாரம் தேவகி போன் பண்ணினாள். ஜுரம் நின்றுவிட்டதாம். “கேப்பங்கூழு வேணும்னு கேட்டாரும்மா, ரெண்டு சொம்பு குடிச்சாரு” என்று சிரித்தாள். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பட்டேன், பொய் சொல்லவில்லை. ஆனால் போனை வைத்ததும் வயிறு எரிந்தது. அதே கிருமி, அதே லேப், அதே கை. அவன் கூழ் குடிக்கிறான், நீ மண்ணுக்குள் கிடக்கிறாய். இதற்காக நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

முதலாளி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் குழாய் போட்டவர்கள் தட்டு இரண்டு நாள் இருக்க வேண்டும் என்று பெட்டிமேல் ஒரு தாள் ஒட்டியிருந்தார். நல்லதுதான். ஆனால் அந்தத் தாளைப் பார்க்கும்போதெல்லாம், ஒரு தாள் ஒட்டுவதற்கு நீ சாக வேண்டியிருந்ததா என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

நேற்று அவரிடம் உன்னுடையதையும் திருத்திக் கொடுக்கச் சொல்லிக் கேட்டேன். மூன்று தப்பான தாள் இருக்கிறது, சரியான தாள் ஒன்று வேண்டாமா என்றேன்.

“செத்தவங்களுக்கு எதுக்கும்மா ரிப்போர்ட்?” என்றார். “அதுவும் உங்க அக்காவுக்கு நம்பரே இல்ல. கம்ப்யூட்டர்ல இல்லாத ஆளுக்கு நான் இன்னான்னு குடுக்கறது?”

அவர் கொடுக்காவிட்டால் போகட்டும். வேலையை விட மாட்டேன் அக்கா, உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். அந்தப் பெட்டிக்கு முன்னாலேயே உட்கார்ந்திருப்பேன். மேலே சீழ் என்று எழுதின தாளில் கீழே இல்லை என்று எழுத இனி என் கை போகாது. வாசனையைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு கவுண்டரில் யார் நின்றாலும், முதலில் அவர்கள் கையைப் பிடித்துவிட்டுத்தான் டப்பாவை வாங்குவேன். உன் ரிப்போர்ட்டை நானே எழுதுகிறேன், ஊரே படிக்கட்டும்.

நோயாளி: லூர்துமேரி. வயது: நாற்பத்தொன்று. தொழில்: சித்தாள்.
சாம்பிள்: குழாய் வழிச் சிறுநீர்.
முடிவு: வளர்ச்சி உண்டு.
கிருமி: கோரினிபாக்டீரியம் யூரியலிட்டிகம்.
முதலில் கண்டுபிடித்தவர்: நோயாளி.
குறிப்பு: நாற்றம் கிருமியுடையது. நோயாளி சுத்தமாக இருந்தார்.

பரிசோதித்துக் கையெழுத்திட்டவள்,
உன் தங்கை ஜெசி